வலி குறைந்ததும் நோய் போய்விட்டது என்று நினைத்தேன்

ராத்திரி இரண்டரை மணிக்கு வலது தோள்பட்டை வலியில் விழிப்பு வந்தது. கோணலாகப் படுத்துவிட்டோம் போல என்று திரும்பிப் படுத்தேன். எழுந்து உட்கார்ந்தேன், நடந்தேன், கையைத் தூக்கிப் பார்த்தேன், தொங்கவிட்டுப் பார்த்தேன். எப்படி வைத்தாலும் அதே வலி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனக்குச் சிறுநீரகக் கல் வந்திருக்கிறது. அதில்கூட நடுநடுவே மூச்சுவிட ஐந்து நிமிடம் கிடைக்கும். இது அதையும் தரவில்லை. விடியும்வரை கூடத்தில் நடந்துகொண்டே இருந்தேன். மனைவி எழுந்து வந்து பார்த்தபோது, 44 வயது ஆள் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து அழுதுகொண்டிருந்தேன்.

அந்த ராத்திரிக்கும், நியூரால்ஜிக் அமையோட்ரஃபி என்ற, தோள், கை நரம்புகளைத் தாக்கும் என் நோயின் பெயரை ஒருவர் வாயால் முதன்முதலாகக் கேட்ட நாளுக்கும் நடுவில் பதினைந்து வாரம் ஓடிவிட்டது. ஏழு டாக்டர்கள், இரண்டு பிசியோதெரபிஸ்டுகள், மூட்டுக்குள் ஒரு ஊசி, கழுத்துக்கு ஒரு பட்டை, தேதி குறித்த ஓர் அறுவை சிகிச்சை. எல்லாம் சேர்த்து ஐந்து மாதச் சம்பளம் போனது. பணத்தை விடுங்கள், அந்தப் பதினைந்து வாரத்தில் செய்யக்கூடாததை எல்லாம் செய்து கையை இன்னும் கெடுத்துக்கொண்டேன். என்னிடம் யாராவது முதல் வாரத்திலேயே நாலு வார்த்தை சொல்லியிருந்தால் பாதியைத் தவிர்த்திருக்கலாம். அந்த நாலு வார்த்தையைத்தான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். நான் பள்ளியில் கணக்கு வாத்தியார், மருத்துவம் படித்தவன் இல்லை. என் கை எனக்குக் கற்றுக்கொடுத்ததும், கடைசியில் கிடைத்த நல்ல டாக்டர் பொறுமையாகச் சொன்னதும்தான் இதில் இருக்கிறது.

முதல் நாள் அவசரப் பிரிவுக்குப் போனோம். நெஞ்சுவலியாக இருக்குமோ என்று ஈசிஜி எடுத்தார்கள், சரியாக இருந்தது. தசைப்பிடிப்பு என்று ஒரு ஊசி போட்டு அனுப்பினார்கள். ஊசி இரண்டு மணி நேரம் தாங்கியது. நாலாம் நாள் எலும்பு டாக்டர். எக்ஸ்ரேயில் எதுவும் இல்லை. வலியில் நான் கையை அசைக்கவே பயந்ததைப் பார்த்து, தோள் இறுகிப்போகும் ஃப்ரோஸன் ஷோல்டரின் ஆரம்பம் என்றார். ஆறாம் நாள் ‘எதற்கும் நரம்பையும் பார்த்துவிடலாம்’ என்று நரம்புச் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். கையில் சின்னச் சின்னதாக மின்சாரம் வைத்துப் பார்த்து ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் வந்தது. அந்த ஒரு வார்த்தை எனக்குச் செய்த கெடுதலை வேறு எதுவும் செய்யவில்லை. அதற்கப்புறம் யாரைப் பார்த்தாலும் ஃபைலைப் புரட்டி, ‘நரம்பெல்லாம் நல்லா இருக்கே’ என்று அந்தப் பக்கத்தை மூடிவிடுவார்கள்.

பின்னால்தான் தெரிந்தது. ஒரு நரம்பு கெட்டுப்போனால், அது ஓட்டுகிற தசையில் அதன் அடையாளம் ஊசிச் சோதனையில் தெரிய ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். ஈஎம்ஜி என்பார்கள், தசைக்குள் மெல்லிய ஊசியைச் செருகி, அதன் மின்னோட்டத்தைத் திரையில் பார்ப்பது. ஆறாம் நாளில் எடுத்தால் எதுவும் தெரியாமல் போக நல்ல வாய்ப்பு உண்டு. எனக்கு அன்று ஊசியே போடவில்லை, மின்சாரம் வைத்துப் பார்த்ததோடு சரி. அதுவும் மணிக்கட்டிலும் முழங்கையிலும். கெட்டுப்போன நரம்பில் ஒன்று தோளுக்குக் கீழே விலாவின் பக்கமாக இறங்குவது. ஆகவே இப்படி ஒரு ரிப்போர்ட் உங்கள் கையில் இருந்தால், வலி தொடங்கி எத்தனையாவது நாள் எடுத்தது, எந்தெந்தத் தசையில் ஊசி போட்டுப் பார்த்தார்கள் என்ற இரண்டையும் பாருங்கள். சீக்கிரம் எடுத்ததாக இருந்தால், ‘மூன்று நாலு வாரம் கழித்து மறுபடி எடுக்கலாமா’ என்று கேட்கத் தயங்காதீர்கள்.

வலியோடு கழிந்த முதல் மூன்று வாரம் எப்படிப் போனது என்று விவரிக்க எனக்கு இப்போதும் விருப்பமில்லை. படுக்க முடியாமல் நாற்காலியில், மடியில் இரண்டு தலையணை வைத்து அதன்மேல் கையைக் கிடத்தி அரைத்தூக்கம் தூங்கினேன். மூட்டுக்குள் போட்ட ஊசியால் துளி பிரயோஜனமில்லை. கழுத்துக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள். ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு நடுவில் டிஸ்க் புடைத்திருக்கிறது என்று வந்தது. எனக்கு அன்று அப்பாடா என்று இருந்தது. படத்தில் தெரிகிறதே, காரணம் கிடைத்துவிட்டதே! கழுத்துப்பட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நாற்பதைத் தாண்டிய பெரும்பாலோருக்கு, ஒரு வலியும் இல்லாமலே, கழுத்து ஸ்கேனில் ஏதாவது ஒரு டிஸ்க் புடைத்துத்தான் இருக்கும் என்று அன்று யாரும் சொல்லவில்லை. நரை மாதிரி அது. வயிற்றுவலியோடு வந்தவனின் தலையில் நரையைப் பார்த்துவிட்டு ‘இதுதான் காரணம்’ என்றால் எப்படி இருக்கும்?

கழுத்து டிஸ்க்கால் வரும் வலி பெரும்பாலும் கழுத்தைத் திருப்பினால், பின்னால் சாய்த்தால் கூடும். ஒரு கோடு போட்ட மாதிரி கைக்குள் இறங்கி விரலில் குறுகுறுக்கும். எனக்குக் கழுத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுமே ஆகவில்லை. இதை நானாகச் சொல்லவும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. ‘எங்கே வலிக்குது?’ என்று ஏழு பேரும் கேட்டார்கள். ‘என்ன செய்தால் கூடுது?’ என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நாலாவது வாரம் வலி இறங்க ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் கண்விழித்தபோதுதான், முந்தைய ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்கிறேன் என்று புரிந்தது. வீடே கொண்டாடியது. மகள் என் நாற்காலியைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டாள். திங்கட்கிழமை பள்ளிக்குப் போனேன். கரும்பலகையில் மேலே தேதி எழுதுவது இருபது வருடப் பழக்கம். சாக்பீஸோடு கையைத் தூக்கினேன். கை தோள் மட்டத்துக்கு வந்து நின்றுவிட்டது. வலி இல்லை, அதுதான் வேடிக்கை. வலித்தால்கூடப் புரிந்திருக்கும். மூளை ‘போ’ என்கிறது, கை காதில் போட்டுக்கொள்ளவில்லை. சரி என்று கீழேயே எழுதப் போனால் சாக்பீஸ் விரலிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடி பிடித்தேன், மறுபடியும் நழுவியது. பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். பையன்களைக் குறை சொல்ல முடியாது, நானும் சிரித்துத்தான் சமாளித்தேன். அப்புறம் ஓய்வறையில் போய் உட்கார்ந்தபோது சட்டையின் மேல் பொத்தானைக் கழற்ற முடியவில்லை.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். முதலில் தாங்க முடியாத வலி, அதுவும் திடீரென்று, பெரும்பாலும் ராத்திரியில். சில நாளோ சில வாரமோ கழித்து வலி இறங்குகிறது. வலி இருக்கும்போதோ இறங்கும்போதோ கையின் பலம் போகிறது, பிறகு தசை வற்றுகிறது. இந்த வரிசைதான் இந்த நோயின் முகவரி. இது தெரிந்த ஒருவரிடம் வரிசையைச் சொன்னாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். நான் செய்த பெரிய தப்பு, புது டாக்டரைப் பார்க்கும்போதெல்லாம் அன்றைய தொல்லையை மட்டும் சொன்னது. முதலில் பார்த்தவர்களிடம் வலி என்றேன், பின்னால் பார்த்தவர்களிடம் கை தூக்க முடியவில்லை என்றேன். முழுக் கதையும் யாரிடமும் போய்ச் சேரவில்லை. ஒரு தாளில் தேதி போட்டு எழுதி வையுங்கள். வலி தொடங்கிய நாள், அதன் உச்சம், குறைந்த நாள், முதன்முதலாகக் கை செய்ய மறுத்த வேலை. இவற்றோடு, வலிக்கு முந்தைய ஒரு மாதத்தில் காய்ச்சல், தடுப்பூசி, அறுவை சிகிச்சை, பிரசவம், பழக்கமில்லாத கடின வேலை ஏதாவது இருந்ததா என்பதையும். எனக்குப் பத்து நாள் முன்பு வைரஸ் காய்ச்சல் வந்து போயிருந்தது. அதை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

பலம் போனதும் எலும்பு டாக்டர் பிசியோவுக்கு அனுப்பினார். அவர் நல்ல மனிதர், ஆனால் எடை தூக்க வைத்தார். ரப்பர் பட்டையை இழுக்க வைத்தார். ‘வலிச்சாலும் விடாதீங்க, தசை சோம்பேறி ஆயிடுச்சு’ என்பார். நானும் கணக்கு வாத்தியார் புத்தியோடு, அவர் பத்து சொன்னால் வீட்டில் இருபது செய்தேன். எட்டு வாரம் இப்படியே போனது. சிக்னலே வராத தசைக்கு எடை கொடுத்தால் அது என்ன செய்யும்? பக்கத்துத் தசைகள் அந்த வேலையையும் சேர்த்து இழுத்தன. தோளுக்கும் கழுத்துக்கும் நடுவிலிருக்கும் தசை கல் மாதிரி இறுகி, புதிதாக ஒரு வலி தொடங்கியது. இது களைத்துப்போன தசையின் வலி, முதல் வலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அடுத்து பார்த்த அறுவை சிகிச்சை நிபுணர், ‘கழுத்து வலி வந்துவிட்டது, கையில் பலமும் இல்லை, ஸ்கேனிலும் டிஸ்க் தெரிகிறது, இனித் தள்ளிப்போட்டால் நிரந்தரமாகப் போய்விடும்’ என்றார். பயந்துபோய் முன்பணம் கட்டினேன். அடுத்த மூன்றாவது வாரம் தேதி கொடுத்தார்கள்.

அந்த நாட்களின் மனநிலையையும் சொல்லிவிடுகிறேன். கட்டு இல்லை, காயம் இல்லை, கை பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பள்ளியில் ‘சார் கொஞ்சம் அதிகமாத்தான் பண்றார்’ என்று பேசிக்கொண்டது என் காதுக்கே வந்தது. இன்னொரு பக்கம், கையில் பலம் போவது, தசை வற்றுவது என்று இணையத்தில் தேடித் தேடி, எனக்குத் தசைகளை இயக்கும் நரம்புகள் அழிந்துகொண்டே போகும் மோட்டார் நியூரான் நோய் வந்துவிட்டது என்று முடிவே செய்துவிட்டேன். பதினோரு நாள் யாரிடமும் சொல்லவில்லை. காப்பீட்டுப் பத்திரங்களை எடுத்து மனைவி பார்க்கும் இடத்தில் வைத்தேன். அந்த நோய் பொதுவாக இப்படி ஒரு பயங்கர வலியோடு ஒரே ராத்திரியில் ஆரம்பிப்பதில்லை, மெதுவாகத் தொடங்கிப் பரவிக்கொண்டே போகும் என்பது பிறகுதான் தெரிந்தது. தேடாதீர்கள் என்று சொல்லமாட்டேன், சொன்னாலும் யாரும் கேட்கப் போவதில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு மேல் தேடாதீர்கள், அவ்வளவுதான்.

திருப்பம் வந்தது குளியலறை வாசலில். சட்டையில்லாமல் துண்டை எட்டி எடுக்கக் கையை முன்னால் நீட்டினேன். பின்னாலிருந்து மகள், “அப்பா, உங்க முதுகுல ஒரு எலும்பு றெக்கை மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குது” என்றாள். பத்து வயதுக்காரி, விளையாட்டாகச் சொன்னாள். மனைவி ஃபோனில் படம் எடுத்துக் காட்டினார். வலது தோள்பட்டைப் பலகை எலும்பு முதுகை விட்டு விலகி, ஓரம் கூர்மையாகத் தோலைத் தள்ளிக்கொண்டு நின்றது. அதன் இடுக்கில் நாலு விரலை நுழைக்கலாம். இடது பக்கம் ஒன்றுமில்லை. “என்னங்க, இத்தனை பேர் பார்த்தாங்களே, ஒருத்தர்கூட சட்டையைக் கழற்றச் சொல்லலையா?” என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். ஏழில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

தெரிந்தவர் ஒருவர் மூலம் வேறொரு வயதான பிசியோதெரபிஸ்டிடம் படத்தைக் காட்டினோம். இரண்டு உள்ளங்கையையும் சுவரில் வைத்துத் தள்ளச் சொன்னார். தள்ளியதும் பலகை எலும்பு இன்னும் வெளியே வந்தது. “இந்த எலும்பை விலாவோடு ஒட்டிப் பிடிக்கிற தசை வேலை செய்யலை. அதுக்குன்னு ஒரு நரம்பு தனியா இருக்கு. அறுவை சிகிச்சைக்கு முன்னாடி ஒரு நரம்பியல் டாக்டரைப் பாருங்க தம்பி” என்றார். பணம் வாங்கவில்லை. என் செலவுக் கணக்கில் அவர் பெயருக்கு நேரே ஒரு பூஜ்யம்தான் இருக்கிறது.

அறுவை சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பு நரம்பியல் மருத்துவரைப் பார்த்தேன். ஃபைலைத் தொடவே இல்லை. “எது முதல்ல வந்துச்சு, வலியா பலவீனமா?” என்றார். முதல் ராத்திரியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். ‘சூப்பர்’ என்று காட்ட கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்த்து ஒரு வட்டம் போடுவோமே, அதைப் போடச் சொன்னார். இடது கை அழகாக வட்டம் போட்டது. வலது கையில் விரல் நுனிகள் மடங்கவில்லை. இரண்டு விரலும் தட்டையாக ஒட்டி, வட்டத்துக்குப் பதில் நீர்த்துளி மாதிரி ஒன்று வந்தது. சாக்பீஸ் நழுவியதன் ரகசியம் அதுதான். சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்த்தார். படுத்தால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டார்; சிலருக்கு மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானத்தை ஓட்டும் நரம்பும் சேர்ந்து கெட்டுவிடுமாம். எனக்கு அது இல்லை. பிறகு நோயின் பெயரைச் சொன்னார். நியூரால்ஜிக் அமையோட்ரஃபி. பார்சனேஜ்–டர்னர் சிண்ட்ரோம் என்றும் சொல்வார்கள்.

பார்சனேஜ், டர்னர் என்ற இரண்டு பிரிட்டிஷ் டாக்டர்கள் 1948-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் 136 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அதனால் அந்தப் பெயர். கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புகள் தோளுக்கு அருகே பின்னிப் பிரிகிற ஒரு சந்திப்பு இருக்கிறது. உடம்பின் எதிர்ப்பு சக்தி எதையோ தவறாகப் புரிந்துகொண்டு அந்தச் சந்திப்பையும் அதன் கிளைகளையும் தாக்குவதாகக் கருதுகிறார்கள். காய்ச்சலோ தடுப்பூசியோ கடும் உழைப்போ அதைத் தட்டி எழுப்பலாம். பாதிப் பேருக்கு ஒரு காரணமும் அகப்படாது. பரம்பரையாக வரும் வகையும் உண்டு, அதில் சில குடும்பங்களில் செப்டின் 9 என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஈ கிருமியோடும் தொடர்பு உண்டு என்பதால் அதற்கும் ரத்தம் எடுத்தார்கள். இரண்டு தோளும் சேர்ந்து பாதித்தவர்கள் இந்தச் சோதனையைக் கட்டாயம் கேட்டுப் பெறலாம். நுரையீரல் உச்சியில் கட்டி ஏதாவது நரம்பை அழுத்துகிறதா என்று நெஞ்சையும் படம் எடுத்துப் பார்த்தார்கள். இல்லை.

டிஸ்க் ஏன் காரணமாக இருக்க முடியாது என்று ஒரு தாளில் வரைந்து காட்டினார். என்னைப் போன்றவனுக்கு அதுதான் புரிந்தது. பலகை எலும்பைப் பிடிக்கும் தசைக்கான நரம்பு கழுத்தில் தண்டுவடத்திலிருந்து கிளம்பும் ஐந்து, ஆறு, ஏழாம் நரம்பு வேர்களிலிருந்து வருகிறது. விரல் நுனியை மடக்கும் தசைகளுக்கான இழைகளோ அதற்கும் கீழே, எட்டாம் வேரை ஒட்டி வருகின்றன. என் ஸ்கேனில் தெரிந்த ஒற்றை டிஸ்க் அழுத்துவது ஆறாம் வேரை. அது அழுத்தினால் முழங்கையை மடக்கும் பலம் குறைய வேண்டும், கட்டைவிரல் மரக்க வேண்டும். எனக்கு இரண்டும் இல்லை. ஒரே வேரில் அடங்காமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில தசைகள் மட்டும் போனால், கழுத்தை விட்டுவிட்டு வெளியே தேட வேண்டும். ஈஎம்ஜியும் அதையே சொன்னது. அறுவை சிகிச்சையை ரத்து செய்தேன். முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. அதற்கு ஆறு முறை நடந்தேன். இந்த இடத்தில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை.

அபூர்வ நோய் என்றுதான் வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். வருடத்துக்கு லட்சத்தில் ஒருவரிலிருந்து மூன்று பேருக்கு என்று பழைய கணக்கு. நெதர்லாந்தில் குடும்ப மருத்துவர்களுக்கு இதை அடையாளம் காணப் பயிற்சி கொடுத்துவிட்டுக் கணக்கெடுத்தபோது, ஆயிரத்தில் ஒருவர் என்று வந்தது. 2015-ல் வெளியான ஆய்வு. நோயைவிட அதைக் கண்டுபிடிப்பதுதான் அபூர்வம் போலிருக்கிறது.

சிகிச்சை என்று பெரிதாக ஒன்றும் இல்லை என்பதைக் கேட்க முதலில் கஷ்டமாக இருந்தது. வலி தொடங்கிய முதல் சில வாரங்களுக்குள் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் சிலருக்கு வலி சீக்கிரம் அடங்குகிறது, பலமும் சற்று முன்னதாகத் திரும்புகிறது. பதினைந்தாவது வாரத்தில் போய் நின்றவனுக்கு அது கடந்துபோன பேருந்து. முதல் வாரத்தில் இதைப் படிப்பவர்கள் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். சர்க்கரை இருந்தால் முன்னதாகவே சொல்லிவிடுங்கள், ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். அறுந்த நரம்பிழை மறுபடி வளரும் வேகம் நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் என்றார் டாக்டர். நான் உடனே கணக்குப் போட்டேன். 20 சென்டிமீட்டர் என்றால் 200 நாள். பக்கத்தில் தப்பித்த இழைகள் கிளைவிட்டுக் கைகொடுத்தால் இன்னும் சீக்கிரம். அமெரிக்காவில் 99 பேரைத் தொடர்ந்து பார்த்த 1972-ஆம் வருட ஆய்வில், முதல் வருடத்தில் மூன்றில் ஒருவருக்கும், மூன்று வருடத்தில் பத்தில் ஒன்பது பேருக்கும் பலம் திரும்பியதாகச் சொல்லியிருந்தார்கள். பிந்தைய ஆய்வுகள் அவ்வளவு தாராளமாக இல்லை. பலருக்குச் சோர்வும் ஓரளவு வலியும் வருடக்கணக்கில் மிஞ்சுகின்றன. மாதக்கணக்கில் துளியும் அசைவு திரும்பாதவர்களுக்கு நரம்பை அல்ட்ராசவுண்டிலோ நரம்புக்கான எம்ஆர்ஐயிலோ பார்த்தால், சிலருக்கு அது மணற்கடிகாரம் மாதிரி நடுவில் ஒடுங்கியிருப்பது தெரியும். அதற்கு நுண் அறுவை சிகிச்சை உண்டு. எனக்கு அந்த அவசியம் வரவில்லை.

பயிற்சி முழுக்க மாறியது. அந்த வயதான பிசியோவிடமே போனேன். எடையே கிடையாது. கண்ணாடிக்கு முன்னால் நின்று, பலகை எலும்பு எப்படி நகர்கிறது என்று பார்த்து, அதை மெதுவாகச் சரியான தடத்தில் கொண்டுவருவது. ஐந்து நிமிடம் செய்து, உட்கார்ந்து, மறுபடி ஐந்து நிமிடம். மூட்டு இறுகாமலிருக்க இடது கையால் வலது கையைத் தூக்கி முழு வட்டமும் சுற்ற வேண்டும். கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டே வைத்திருந்தால் நிஜமாகவே ஃப்ரோஸன் ஷோல்டர் வந்துவிடும் என்று எச்சரித்தார். களைப்பதற்கு முன்பே நிறுத்த வேண்டும் என்ற விதிதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. இன்று நன்றாக இருக்கிறதே என்று இரண்டு பீரியட் தொடர்ந்து எழுதினால், மறுநாள் முழுக்கக் கை செத்தது மாதிரி கிடக்கும். நல்ல நாளில்தான் நான் அதிகமாகக் கெடுத்துக்கொண்டேன்.

அன்றாட வேலைக்கு நான் கண்டுபிடித்த சில வழிகள். பேனாவில் துணி சுற்றிப் பருமனாக்கினால் நுனிவிரல் மடங்காமலே பிடிக்கலாம். சாவியைத் துவாரத்தில் திருப்ப விரலை நம்பாமல், சாவி வளையத்தில் ஒரு மரக்குச்சியை மாட்டி நெம்புகோலாக்கினேன். பொத்தானுக்குப் பதில் கழுத்து வழியாகப் போடும் சட்டை, முதலில் பலவீனமான கையை நுழைத்து. தட்டச்சு செய்யும்போது முழங்கைக்குக் கீழே முட்டுக்கொடுக்க வேண்டும், கையின் எடையைத் தோள் சுமக்கக் கூடாது. கரும்பலகையில் கீழ்ப் பாதியை மட்டும் பயன்படுத்தினேன். மேல் பாதியில் பையன்களை எழுதவிட்டேன். அதனால் அவர்களுக்குக் கணக்கு நன்றாக வந்தது, அது வேறு கதை. பள்ளி நிர்வாகத்திடம் வாயால் விளக்கியதில் பயனில்லை. டாக்டரிடம் எழுதி வாங்கிய ஒரு பக்கக் கடிதமும், முதுகு எலும்பின் அந்தப் படமும்தான் வேலை செய்தன. படத்தைப் பார்த்த தலைமையாசிரியர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பத்தொன்பது மாதம் ஆகிறது. பலகை எலும்பு ஏறக்குறைய ஒட்டிவிட்டது, சுவரைத் தள்ளினால் மட்டும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். கை காதுக்கு மேலே போகிறது. கரும்பலகையின் மேல் வரிக்கு இன்னும் ஒரு சாண் பாக்கி. விரல் வட்டம் பாதி நீர்த்துளி, பாதி வட்டம். மாலையானால் கை கனக்கும். இந்த நோய் நாலில் ஒருவருக்குத் திரும்ப வரலாம், அடுத்த முறை மறு தோளிலும் வரலாம் என்பதால், பர்ஸில் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். நோயின் பெயர், டாக்டரின் எண், ‘காத்திருக்காமல் உடனே அழைக்கவும்’ என்ற வரி.

போன வாரம் ராத்திரி இடது தோள் வலியில் விழித்துக்கொண்டேன். மணியைப் பார்த்தேன், மூன்றே கால். உள்ளங்கை வியர்த்துவிட்டது. மனைவியை எழுப்பவில்லை. எழுந்து உட்கார்ந்து கையை மெதுவாகத் தூக்கினேன், வலித்தது. மடியில் வைத்தேன், நின்றது. மறுபடி தூக்கினேன், வலித்தது. வைத்தேன், நின்றது. விரலால் அமுக்கிப் பார்த்தால் ஒரே இடத்தில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத்தான் வலி. முந்தைய நாள் அலமாரியை நகர்த்தியது ஞாபகம் வந்தது. வெறும் சுளுக்கு. சிரித்துக்கொண்டே படுத்தேன்.